நேத்து அண்ணாச்சி கடையில் இன்றைய இட்லி

குற்றாலத்தில் பொய் சொல்லாமல் பலகாரம் விற்ற ஒரே மனிதர் நேத்து அண்ணாச்சிதான். அதனாலேயே ஊரில் ஒரு ஹோட்டல்காரருக்கும் அவரைக் கண்டால் ஆகாது. சாரல் காற்றில் கதவு தானாக அடித்துக்கொண்டால்கூட, "அண்ணாச்சி வந்துட்டாரா பாரு" என்று கல்லாவில் இருப்பவர்கள் பயந்து எட்டிப் பார்த்த காலம் அது.

ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் நடந்ததைச் சொல்கிறேன். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஹோட்டல்களில் அன்றைக்கு விற்காமல் நின்றுபோன பண்டங்களைச் சாயங்காலம் கால் விலைக்கு வாங்குவார். மறுநாள் காலையில் குதிரை வண்டிகள் நிற்கிற மரத்தடியில் வைத்து அரை விலைக்கு விற்பார். இதை யாரும் செய்யலாம். அண்ணாச்சி செய்த அநியாயம் என்னவென்றால், எந்தப் பண்டம் எந்தக் கடையுடையது, எப்போது செய்தது, எத்தனை நின்றது என்று கரும்பலகையில் எழுதி வைத்துவிட்டு விற்பார். பலகையின் மேல்விளிம்பில் 'நேற்றையது' என்று வெள்ளைப் பெயின்டால் ஒரேயடியாக எழுதிவிட்டார். கீழே தினமும் சாக்பீஸ்.

'பாலத்தடி ஹோட்டல். போண்டா, இருபத்திரண்டு. நேற்று மாலை.'

'கோயில் வாசல் கடை. அல்வா. ஒன்பது நாள். பல் உள்ளவர்கள் மட்டும்.'

அந்த அல்வாவுக்கு ஒரு கதை உண்டு. அண்ணாச்சிக்குப் பண்டம் விற்கிறவர் முதலில் அவர் முன்னாலேயே ஒரு வாய் தின்று காட்ட வேண்டும். அல்வாக் கடைக்காரர் மூன்று நாள்தான் ஆகிறது என்று சத்தியம் செய்தார். "அப்பச் சாப்பிடுங்க" என்றார் அண்ணாச்சி. கடைக்காரர் ஒரு துண்டை வாயில் போட்டார். மேல்வாயும் கீழ்வாயும் ஒட்டிக்கொண்டன. அண்ணாச்சி பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, "எத்தனை நாள்?" என்று திரும்பக் கேட்டார். பேச முடியாத கடைக்காரர் ஒன்பது விரலைக் காட்டினார்.

பண்டம் தர மாட்டேன் என்று சொன்னாலும் தப்பிக்க முடியாது. பாலத்தடி ஹோட்டல்காரர் ஒருமுறை ரோசமாக, "எங்கிட்ட மிச்சமே கிடையாது, போம்" என்றுவிட்டார். மறுநாள் பலகையில் இப்படி இருந்தது: 'பாலத்தடி ஹோட்டல். மெதுவடை, முப்பது. எனக்குத் தரவில்லை.' அன்றைக்கு அந்த ஹோட்டலில் தயிர்வடையை ஒருவரும் தொடவில்லை.

சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் புதிதாக மாற்றலாகி வந்தார். மரத்தடியில் வந்து நின்று, "பழைய பண்டமா விக்கிறீர்?" என்று அதட்டினார்.

"ஆமாய்யா. போர்டுலயே எழுதியிருக்கு. எழுதாம விக்கவனெல்லாம் எதுத்த வரிசையில இருக்கான். அங்கன போய்க் கேளுங்க."

இன்ஸ்பெக்டர் பலகையை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். திரும்பி எதிர்வரிசைக் கடைகளைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் போண்டாவுல ரெண்டு கொடும்" என்றார். அந்த சீசன் முழுக்க அவர் காலைப் பலகாரம் மரத்தடியில்தான்.

குரங்குகூட ஒருநாள் வந்தது. தட்டிலிருந்து ஒரு வடையைப் பறித்துக்கொண்டு கிளையில் ஏறி, மோந்து பார்த்துவிட்டு, அண்ணாச்சி தலையிலேயே எறிந்தது. வேறொருவராக இருந்தால் துடைத்துத் தட்டில் வைத்திருப்பார். இவர் அதைத் தனியாக ஓரத்தில் வைத்துவிட்டு, 'வடை, ஒன்று. குரங்கு வேண்டாம் என்றது' என்று எழுதினார். அதையும் வாங்க ஆள் வந்தது. அண்ணாச்சிதான் விற்கவில்லை.

ஊருக்கு அந்தப் பலகை சிரிப்பு. எனக்கு அது தூக்குக்கயிறு.

ஏனென்றால் நான் அப்போது சன்னதித் தெருவில் ஒரு ஹோட்டலில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் இட்லிக்கு எத்தனை படி அரிசி நனைக்க வேண்டும் என்று மத்தியானம் ஒரு மணிக்குள் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. அருவியில் தண்ணீர் விழுந்தால் கூட்டம் வரும். குளித்தவன் பசியில் இலையையும் சேர்த்துத் தின்பான். தண்ணீர் இல்லையென்றால் ஈதான் வரும். நாளைக்குத் தண்ணீர் விழுமா என்று மலைக்கே தெரியாது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு எப்படித் தெரியும்? காலையில் மூன்று தடவை அருவிக்குப் போய்ப் பார்ப்பேன். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களிடம், "இன்னைக்கு எத்தனை தலை?" என்று கேட்பேன். செங்கோட்டைப் பக்கம் மேகம் கறுத்தால் ஒரு பயம். வெளுத்தால் இரண்டு பயம். தூக்கத்தில் நான் "நாலு படி, அஞ்சு படி" என்று புலம்புவதாக என் மனைவி சொல்வாள்.

எங்கள் முதலாளி தினமும் கோயிலுக்குப் போகிற வழியில் பலகையை வாசிப்பார். இரண்டு முறை எங்கள் ஹோட்டல் இட்லி அதில் ஏறிவிட்டது. இரண்டாம் முறை என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, அரிசி கிடைக்காம ஊரே அலையுது. நீ என்னடான்னா அவிச்சு அவிச்சு அந்த ஆளுக்குக் கொடுக்கே. இன்னொரு தடவை எம் பேரு அந்தப் பலகையில ஏறிச்சு, பெட்டி படுக்கையோட நீ ரயில் ஏறிரணும்."

பெட்டி படுக்கை என்று சும்மா சொல்லவில்லை. ஹோட்டலுக்குப் பின்னால் முதலாளி விட்டிருந்த ஒற்றை அறையில்தான் நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தோம். வேலை போனால் கூரையும் போய்விடும். அன்றைக்கே அண்ணாச்சியிடம் ஓடினேன்.

"அண்ணாச்சி, பேரைப் போட்டுக்கிடுங்க. எண்ணிக்கைய மட்டும் எழுதாதீங்க."

"எண்ணிக்கைய விட்டா, பேரை விடும்பே. பேரை விட்டா, நேத்துங்கறத விடும்பே. பொறவு நான் என்னத்தலே விக்கது?"

வந்த வழியே ஸ்டோருக்குத் திரும்பினேன். 

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று வந்தது. முந்தின நாள் அருவி அப்படி ஒரு அழகாக விழுந்தது. சாரல் பூப்போல இறங்கியது. ஸ்பெஷல் பஸ்கள் விடப்போகிறார்கள் என்று கண்டக்டர் ஒருவர் சொன்னார். முதலாளி கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போயிருந்தார். ஞாயிறு காலை ரயிலில் திரும்புவார். நான் மூன்று முறைக்குப் பதில் ஆறு முறை அருவியைப் பார்த்துவிட்டு, சமையல்கட்டில் சரக்கு மாஸ்டரிடம் சொன்னேன்: "மூணு மடங்கு."

மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யோசிச்சுத்தான் சொல்லுதியா?"

"யோசிக்காம என்னைக்குச் சொன்னேன்?"

விடியும்போது அருவிச் சத்தம் மாறியிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். செம்மண் நிறத்தில், மரக்கிளைகளோடு, மலையே கழன்று வருவதுபோல் வெள்ளம். போலீஸ்காரர்கள் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். குளிக்கத் தடை. வருகிற பஸ்களையெல்லாம் தென்காசியிலேயே நிறுத்துகிறார்களாம். ஊரில் தங்கியிருந்தவர்களும் மூட்டையைக் கட்டிவிட்டார்கள். நான் திரும்பி வந்தபோது மாஸ்டர் ஆறு கொப்பரை இட்லியை அவித்து இறக்கிவிட்டு, ஏழாவதை அடுப்பில் வைத்திருந்தார். பந்தியில் ஒரு ஆள் இல்லை. சப்ளையர்கள் வரிசையாக நின்று என்னையே பார்த்தார்கள், பிரேதத்தைப் பார்ப்பதுபோல.

மழையில் நனைந்துகொண்டே மரத்தடிக்கு ஓடினேன்.

"அண்ணாச்சி, காப்பாத்துங்க. ஏழு கொப்பரை இட்லி நிக்கி."

"எப்ப அவிச்சது?"

"இப்பத்தான். ஒண்ணு இன்னும் அடுப்புல இருக்கு."

"அப்ப எங்கிட்ட எதுக்குலே வந்தே? நான் நேத்தையதுல்லா விக்கேன். நாளைக்குக் கொண்டா."

"நாளைக்கு அது புளிச்சிரும் அண்ணாச்சி!"

"புளிச்சா நாளைக்கும் வாங்க மாட்டேன்."

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. முதலாளி ரயிலில் வந்துகொண்டிருக்கிறார், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்த மழையில் எங்கே போவேன் என்று என்னென்னவோ உளறினேன்.  அண்ணாச்சி பலகையை எடுத்தார். மேலே பெயின்டில் 'நேற்றையது' என்று அழியாமல் இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு பலகையைத் திருப்பினார். அந்தப் பின்பக்கத்தை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. ஒரு ஆணியும் சிலந்திக்கூடும் இருந்தன. துண்டால் துடைத்துவிட்டு, சாக்பீஸைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றார்.  கடைசியில் எங்கள் ஹோட்டல் பெயரை எழுதி, கீழே எழுதினார்: 'இட்லி. இன்று காலை. மழையால் மிச்சம்.'

"அந்த மிச்சம் மட்டும் வேண்டாமே அண்ணாச்சி."

"வண்டிய வரச் சொல்லுலே."

இரண்டு குதிரை வண்டிகளில் கொப்பரைகளையும் சட்னி வாளியையும் இலைக்கட்டையும் ஏற்றினோம். ஏழாவது கொப்பரையை அடுப்பிலிருந்தே தூக்கி, ஈரத் துணியால் வாயைக் கட்டி, கடைசியில் வைத்தோம். நிறுத்திவிட்ட பஸ் ஜனமெல்லாம் அங்கேதான் ஒதுங்கும் என்று தென்காசி ரயில் ஸ்டேஷனுக்கு விரட்டினோம். நான் நினைத்தது சரி. ஸ்டேஷன் வாசல் கொள்ளாத ஜனம். குளிக்கவும் போக முடியாமல், ஊருக்குத் திரும்பவும் மனமில்லாமல், பிள்ளைகுட்டிகளோடு ஓரம் ஓரமாக ஒதுங்கியிருந்தார்கள். அப்பாடா என்று நினைத்தேன்.

ஒருவரும் வாங்கவில்லை.

முன்னால் வந்த பெரிய மீசைக்காரர் ஒருவர் பலகையை வாசித்து, விலையையும் கேட்டுவிட்டு, "ஏன்யா, இன்னைக்கு அவிச்சதுன்னு போட்டிருக்கே, அப்புறம் என்னத்துக்குப் பாதி விலை?" என்றார்.

"எனக்கு அந்த விலைதான் தெரியும்" என்றார் அண்ணாச்சி.

"ஏதோ கோளாறு இருக்குப்பா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். முதல் கொப்பரை வழியிலேயே ஆறிப்போயிருந்தது. தொட்டுப் பார்த்தவர்கள் கையை உதறினார்கள். பலகையே பொய் என்று ஒருவர் சொன்னார். அண்ணாச்சி முகம் சுண்டிப்போனதை அன்றுதான் பார்த்தேன். குற்றாலம் முழுக்க அவரைத் திட்டியிருக்கிறது. யாரும் பொய்யர் என்று திட்டியதில்லை.

"அப்ப நீரு ஒண்ணைத் தின்னு காட்டும்" என்றார் மீசைக்காரர்.

அண்ணாச்சி விறுவிறுவென்று போய் ஏழாவது கொப்பரையின் கட்டை அவிழ்த்து, ஒரு இட்லியை எடுத்து, தன் வழக்கப்படி முழுசாக வாயில் போட்டார். வருஷக்கணக்காக ஆறின பண்டத்தை மட்டுமே தின்று பழகியவர். அடுத்த நொடி ஒற்றைக் காலில் ஆடினார். "ஹா... ஹூ... யம்மா! வெந்து போச்சுலே!" வாயைத் திறந்து மூடுகிறார், உள்ளேயிருந்து ஆவி வருகிறது. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. துப்பவும் மனமில்லை. கையால் வாய்க்கு விசிறிக்கொள்கிறார். குழந்தைகள் கைதட்டிச் சிரித்தன.

மீசைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மனுசன் நடிக்கலய்யா. எட்டு கொடு" என்றார். அவ்வளவுதான். நாலு பக்கமும் கை நீண்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் ரயில் வந்தது. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையோடு இறங்கி வெளியே வந்த முதலாளி, முதலில் தம் கொப்பரைகளைப் பார்த்தார். பிறகு பலகையில் தம் ஹோட்டல் பெயரைப் பார்த்தார். கீழே 'மிச்சம்' என்பதைப் பார்த்தார். நான் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"எவ்வளவுவே மிச்சமாச்சு?" என்றார் அண்ணாச்சியிடம்.

ஏதாவது குறைத்துச் சொல்லுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அண்ணாச்சி வெந்த நாக்கோடு சொன்னார்: "முச்சூடும். கடையில ஒரு இட்லி விக்கலை."

முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"ஆனா அளந்ததுல தப்பில்ல" என்றார் அண்ணாச்சி. "நேத்து நானும் அருவியப் பாத்தேன். நானா இருந்தா நாலு மடங்கு நனைச்சிருப்பேன்."

நாற்பது கடைக்காரர்கள் சாட்சி சொன்னாலும் முதலாளி நம்பியிருக்க மாட்டார். சொன்னது அந்த ஆள்.  ஒரு அம்மாள் முதலாளியையே சப்ளையர் என்று நினைத்து, "நாலு இட்லி வைங்க, சட்னி தாராளமா" என்றாள். முதலாளி தாம்பூலப் பையை என் கையில் கொடுத்துவிட்டு இலையை எடுத்தார். எனக்கு அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "நின்னுக்கிட்டே இருந்தா? ஒரு மணிக்குள்ள சொல்லணும்லா, நாளைக்கு எத்தனை படி?"

கூட்டம் வடிந்தபிறகு அண்ணாச்சி வண்டிப் படியில் உட்கார்ந்து, நாக்கை வெளியே நீட்டி மழையில் காட்டிக்கொண்டிருந்தார். "சூடா இருந்தா இப்படியாலே இருக்கும்?" என்றார் மெதுவாக. "நான் மறந்தே போயிட்டேன்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு சீசனிலும் ஒரு பிடி அரிசி கூட்டியே அளந்தேன். மிச்சம் என்றாலே தூக்கத்தில் புலம்புகிறவன், வேண்டுமென்றே. காலையில் முதல் கொப்பரை இறங்கியதும் நாலு இட்லியை வாழையிலையில் சுற்றிக்கொண்டு மரத்தடிக்குப் போவேன்.

"என்னலே இது?"

"நேத்து மிச்சம் அண்ணாச்சி. லேசாச் சூடு பண்ணிக் கொண்டாந்தேன்."

ஆவி பறக்கிற இலையை மூக்கருகே கொண்டுபோவார். என்னை ஒரு பார்வை பார்ப்பார்.  பிறகு ஊதி ஊதி, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு வாயாகத் தின்பார். அவர் தின்று முடிக்கிறவரை மட்டும் எனக்கு எந்த அவசரமும் இருக்காது.