காலணியோடு நிறுக்கவும்

ஈர்க்குச்சியும் சரியாக நூறு கிராம் குறைந்திருந்தாள்.

விசில் சார் எடைமெஷினைத் தட்டிப் பார்த்தார். எண் மாறவில்லை. எடைக்குறைப்புத் திட்டத்தில் குண்டுப் பிள்ளைகள் இளைப்பது நியாயம். ஊதினால் பறந்துவிடும் இந்தப் பெண்ணுமா? மூன்று திங்கட்கிழமைகளாக வகுப்பில் முப்பத்திரண்டு பேரும் தலைக்கு நூறு கிராம், அளந்து வெட்டியதுபோல.

அவர் தற்காலிக உடற்பயிற்சி ஆசிரியர். எட்டு வாரத்தில் பிள்ளைகளின் எடை குறைந்தால் வேலை நிரந்தரம். கூடினால் நடையைக் கட்ட வேண்டியதுதான். குறைகிறதே என்று மகிழ வேண்டியவர் அவளை விசாரிக்கத் தொடங்கினார்.

"ஒழுங்கா சாப்பிடுறியா பாப்பா?"

"சாப்பிடுறேன் சார்."

"ரொம்ப ஓடுறியோ?"

"நான் எங்க சார் ஓடினேன்? நீங்க பாக்குறப்ப மட்டும்தான்."

அவள் சிரித்தாள். வரிசையில் நின்ற முப்பத்தொரு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அவர்கள் வெளியேறியபோது தாழ்வாரத்தில் யாரோ பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம் கூடவே போயிற்று. கர்ரக், கர்ரக்.

"ஆயாம்மா, கேக்குதா?"

அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "மூணு வருஷமா கேக்குது. எடை போடுற காலத்துல மட்டும் வரும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அடங்கிடும்."

"என்னன்னு பாக்கலையா?"

"எனக்குச் சம்பளம் பெருக்குறதுக்கு சார்."

மெஷின்மேல்தான் சந்தேகம் என்று பழைய பேப்பர் கடையிலிருந்து வேறொன்றை இரவல் வாங்கி வந்தார். நான்காம் திங்கள்: அதே நூறு கிராம். தானும் ஏறிப் பார்த்தார். அவர் மட்டும் இரண்டு கிலோ கூடியிருந்தார்.

காலணியைக் கழற்றச் சொல்லலாமா என்று யோசித்தார். திட்டக் கையேட்டின் நான்காம் விதி தடுத்தது: 'காலணியோடு மட்டுமே நிறுக்கவும். தரைக் குளிர்ச்சி பிள்ளைகளுக்கு ஆகாது.' எழுதியவர் திட்ட அதிகாரி. இதே மைதானத்தில் இதே விசிலை ஊதி, இந்தத் திட்டத்தின் வெற்றியாலேயே பதவி உயர்ந்து போனவர். அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடப் போகிறது?

ஓட்டத்தை நிறுத்தினார். ஐந்தாம் திங்கள்: நூறு கிராம் குறைவு.

அன்று ஈர்க்குச்சி எந்தத் திங்கட்கிழமை பூஜ்யத்தைத் தொடுவாள் என்று கணக்குப் போட்டார். நம்பிக்கையில்லாமல் மறுபடி போட்டார். இரண்டு தேதிகள் வந்தன. இரண்டுமே விடுமுறை நாள்.

மறுநாளிலிருந்து ஆளுக்குத் தினம் இரண்டு கிரீம் பன். வேலை போனால் போகட்டும், பிள்ளை மிஞ்சட்டும். இரண்டே வாரத்தில் சட்டைகள் இறுகின. ஒருவனின் பித்தான் தெறித்துக் கரும்பலகையில் பட்டது. மெஷின் மட்டும் வாராவாரம் நூறு நூறாகக் கீழே இறங்கியது. தாழ்வாரச் சத்தமும் தேய்ந்து, ஏழாம் திங்களன்று அடியோடு நின்றது. 

எட்டாம் திங்கள் அதிகாரி வந்தார்.

"என் திட்டம் எங்கயும் தோத்ததே இல்ல தம்பி. பயப்படாதீங்க."

பிள்ளைகள் பூனைபோல ஓசையின்றி உள்ளே வந்து நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. முதலில் ஈர்க்குச்சி ஏறினாள்.

அரைக் கிலோ கூடியிருந்தாள்.

வேலை போயிற்று என்று விசில் சாருக்குத் தெரிந்தது. ஆனாலும் அப்பாடா என்றிருந்தது. அதிகாரியின் முகம்தான் சுண்ணாம்பாக வெளுத்தது.

ஈர்க்குச்சி மெஷினைவிட்டு இறங்காமல், அதிகாரியைப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்தாள்.

"நீங்க சாக்ஸுக்குள்ள போட்டுக்கிட்டு வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கச் சொல்லிக் குடுத்த கல்லெல்லாம், இந்த சார் பன் குடுத்ததுல ஒரு வாரம் முன்னாடியே தீந்துபோச்சு சார். இனிமே எதை எடுக்குறது?"