க்ளெனிஸ் மலையைத் தூக்கினாள்

சிவப்பு எஞ்சின் சுரங்கத்துக்குள் போய்ப் பத்து நிமிஷம் ஆகிவிட்டது. வெளியே வரவில்லை.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் பதினைந்து பேர் நின்று சுரங்கத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றுக்கு உள்ளே நின்ற க்ளெனிஸ் டிரான்டரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. இவளுக்கு அப்படியில்லை.

உல்வர்ஸ்டன் சின்ன ரயில் சங்கத்தின் வருஷக் கண்காட்சி. அந்தத் தென்கோடி ஊரில் குளிர்காலமான ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மண்டபத்தில் ஹீட்டர் பாதிதான் வேலை செய்தது. முப்பது மேஜைகளில் இருபத்தொன்பதில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. ஓடாத மேஜை க்ளெனிஸின் புருஷன் ராய்ஸுடையது. பதினோரு வருஷம் கார் ஷெட்டில் குந்தி அவன் கட்டியது. ஒரு ஸ்டேஷன், மரம் அறுக்கும் ஒரு மரமில், ஓர் ஆறு, ஒரு பாலம், ஒரு மலை, முப்பத்துநாலு ஆடு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பித்தப்பையில் கல் என்று ராய்ஸை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். திங்கட்கிழமை ஆபரேஷன். சக்கரக் கட்டிலில் படுத்தபடி அவன் அவள் கையைப் பிடித்தான். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அவனாக அவள் கையைப் பிடித்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். க்ளெனிஸ் குனிந்தாள்.

"வண்டி நிக்கக் கூடாது, க்ளெனிஸ்," என்றான் ராய்ஸ். "ஞாயித்துக்கிழமை நீதான் ஓட்டணும்."

"வலி எப்படி இருக்கு?"

"ரெண்டாவது டிராயர்ல நோட்டு இருக்கு. எல்லாம் எழுதி வெச்சிருக்கேன்."

நோட்டில் இருபத்தாறு பக்கம் இருந்தது. மலையைப் பற்றி ஒரே வரி. 'மலையைத் தொடாதே.' அதற்குக் கீழே இரண்டு கோடு.

க்ளெனிஸ் கைபேசியை எடுத்து அவனைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. செய்தி அனுப்பினாள். 'ராய்ஸ், சிவப்பு எஞ்சின் சுரங்கத்துக்குள்ள போயிடுச்சு. வரல. என்ன பண்றது?'

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. 'கொஞ்சம் பொறு. வரும்.'

பொறுத்தாள். வரவில்லை. கூட்டத்தில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்து மேஜையிலிருந்து செல்வின் போக் எட்டிப் பார்த்தார். சங்கத்தின் தலைவர். அவருடைய மேஜையில் செம்மண் பாலைவனமும் அதன் நடுவே ஒரே ஒரு ஸ்டேஷனும் இருந்தன. இருபது வருஷமாக அங்கே எதுவும் தடம் புரண்டதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்.

"என்னம்மா, வண்டி லேட்டா?"

"ராய்ஸ் பொறுக்கச் சொல்லியிருக்கான்."

"ராய்ஸா? பொறுக்கச் சொன்னானா?" செல்வின் புருவத்தைத் தூக்கிவிட்டுப் போனார்.

'இன்னும் வரல' என்று எழுதினாள் க்ளெனிஸ்.

'இன்னொரு எஞ்சின் இருந்தா அனுப்பித் தள்ளச் சொல்லு.'

மரம் ஏற்றிய கூட்ஸ் வண்டியை அனுப்பினாள். அது சுரங்கத்துக்குள் போயிற்று. உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். அப்புறம் அதுவும் வரவில்லை.

"ரெண்டாச்சு," என்றாள் முன்வரிசையில் நின்ற ஒரு பெண், பக்கத்தில் இருந்தவளிடம். "இப்ப மூணாவது போகும் பாரு."

'ரெண்டும் உள்ளே மாட்டிக்கிச்சு' என்று எழுதினாள் க்ளெனிஸ். 'இப்ப என்ன பண்ணட்டும்?'

இந்தத் தடவை பதில் வர நேரமாயிற்று. 'தெரியலையே. உனக்கு என்ன தோணுது?'

க்ளெனிஸ் அதை மூன்று முறை படித்தாள். ரயில் விஷயத்தில் தெரியாது என்று ராய்ஸ் ஒரு நாளும் சொன்னதில்லை. அவளுக்கு என்ன தோன்றுகிறது என்று எந்த விஷயத்திலும் கேட்டதில்லை. சமையலறைக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்பதைக்கூட ரயில்வே ஸ்டேஷன்களின் பழைய வர்ண அட்டையைப் பார்த்துத்தான் முடிவு செய்தான். இன்றைக்கும் அவள் பாத்திரம் கழுவுவது ஒரு பழுப்பு நிறப் பார்சல் ஆபீசுக்குள்தான்.

'மலையைத் தூக்கிப் பாக்கலாம்னு தோணுது' என்று எழுதினாள். 'ஆனா தொடக் கூடாதுன்னு நோட்டுல இருக்கு.'

'நோட்டு கிடக்கட்டும். தூக்கிப் பாரு. தப்பில்ல. உன்னால முடியும்.'

அவள் கைபேசியைக் கம்பளிச் சட்டைப் பையில் போட்டாள். இரண்டு கையையும் அகட்டி, மலையின் அடியில் விரலை விட்டு, தூக்கினாள்.

பதினோரு வருஷத்துப் பசை கிழிந்த சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. மலையோடு ஆற்றில் பாதி வந்தது. ஆடுகள் உதிர்ந்தன. உள்ளே சிவப்பு எஞ்சினும் கூட்ஸும் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிக் கிடந்தன. கூட்டம் கை தட்டியது. மற்ற மேஜைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

இப்போது மலையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கை வலித்தது. பக்கத்தில் செல்வினின் பாலைவனம் காலியாகத்தான் இருந்தது. அங்கே வைத்தாள்.

டீக்கோப்பையோடு திரும்பி வந்த செல்வின் தன் பாலைவனத்தில் பச்சை மலையும் அதன் மேல் ஆறு ஆடுகளும் நிற்பதைப் பார்த்தார். கோப்பையை மெதுவாக ராய்ஸின் மேஜை ஓரத்தில் வைத்தார்.

"க்ளெனிஸ். இது என்ன?"

"மலை."

"மலைன்னு தெரியுதும்மா. எங்க ஊர்ல மழையே கிடையாது. ஆத்தோட வந்திருக்கு."

"அஞ்சு நிமிஷம் குடுங்க செல்வின். ராய்ஸ்கிட்ட கேட்டுட்டு எடுத்துடறேன்."

கைபேசியைப் பார்த்தாள். அவள் கேட்பதற்கு முன்பே ஒரு செய்தி வந்திருந்தது. 'அந்த மண்டபம் குளிருமே. கம்பளிச் சட்டை போட்டிருக்கியா?'

க்ளெனிஸுக்குச் செல்வின் பேசிக்கொண்டிருந்தது காதில் விழவில்லை. ராய்ஸ் வழக்கமாக அனுப்பும் செய்திகள் இரண்டே வகை. 'ஆறு மணிக்கு வருவேன். ஆட்டுக்கறி.' இது ஒன்று. 'சால்டரிங் அயர்ன் ஆஃப் பண்ணினேனா பாரு.' இது மற்றொன்று. அவளுக்குக் குளிருமா என்பது அவனுக்குத் தோன்றக்கூடிய கேள்வி என்றே அவள் நினைத்ததில்லை. அறுபத்துமூன்று வயதில், ஐம்பது பேர் நடுவில், அவளுக்குக் கன்னம் சுட்டது.

'போட்டிருக்கேன். நீலக் கலர்' என்று எழுதினாள்.

'நீலம் நல்லா இருக்கும்.'

முப்பத்தெட்டு வருஷமாக எஞ்சின்களை அவன் பார்ப்பதை அவள் பார்த்திருக்கிறாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சக்கரம் சக்கரமாகப் பார்ப்பான். அப்படி ஒரு பார்வை தன் மேல் ஒரே ஒரு தடவை விழுந்தால் போதும் என்று தோன்றியது உண்டு. யாரிடம் போய் அதைச் சொல்வது? கேட்டால் சிரிப்பார்கள். பித்தப்பையில் கல் வந்தால்தான் இவனுக்கு வாய் திறக்கும் என்றால், அந்தக் கல் முப்பது வயதிலேயே வந்திருக்கலாம்.

வண்டிகளைப் பிரித்துத் தண்டவாளத்தில் வைத்தாள். அசையவில்லை.

'சக்கரம் சுத்த மாட்டேங்குது.'

'எந்த வண்டிக்கும் ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா சரியாயிடும்.'

கேன்டீனுக்குப் போய் உருளை வறுக்கும் எண்ணெய் ஒரு கரண்டி வாங்கிவந்தாள். இரண்டு சொட்டு சக்கரத்தில் விழுந்தது. மீதி தண்டவாளத்தில் ஓடியது. எஞ்சினைத் தட்டிவிட்டதும் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே மூச்சு முட்டச் சுற்றின. வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை. சிப்ஸ் வாசனை மட்டும் மண்டபத்தில் பரவியது.

"தண்டவாளத்துக்கு எண்ணெயா?" என்றார் செல்வின். அவர் குரல் உடைந்துபோயிருந்தது. "ராய்ஸா சொன்னான்? என் ரயில் பக்கம் எண்ணெய்க் குப்பியோட யாராவது வந்தா கையை ஒடிப்பேன்னு மேடையேறிச் சொன்னவன்மா அவன்."

"உடம்பு சரியில்லாதவன். கொஞ்சம் மாறியிருக்கான்," என்றாள் க்ளெனிஸ். சொல்லும்போது சிரிப்பு வந்துவிட்டது.

ஓடக்கூடிய நிலையில் மிச்சமிருந்தது எஞ்சினோடு சேர்ந்த ஒற்றைப் பெட்டியான மஞ்சள் ரயில்கார் ஒன்றுதான். எண்ணெய் படாத பாலத்துப் பாதையில் அதை விட்டாள். அது ஒழுங்காகப் போய் வந்தது. கூட்டம் ஏமாற்றத்தோடு பெருமூச்சு விட்டது.

'சாப்பிட்டியா?' என்று வந்தது செய்தி.

'இல்ல.'

'பசியோட நிக்காதே. ஓடலைன்னா ஓடலை. உலகம் ஒண்ணும் கவிழ்ந்துடாது.'

க்ளெனிஸ் மேஜைக்குப் பின்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். என்ன ஆனாலும் சரி, இன்றைக்குக் கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

'ராய்ஸ், கல்யாணமான புதுசுல போட் ஹார்பர் கடற்கரைக்குப் போனோமே. ஞாபகம் இருக்கா?'

'சொல்லு. நீ சொல்லிக் கேக்கணும்.'

அவள் சொன்னாள். இரண்டு கட்டைவிரலாலும், தப்பும் தவறுமாக. அவன் ஐஸ்கிரீம் வாங்கப் போகச் சொன்னது. அவள் இரண்டு கோன் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால் ஆளைக் காணவில்லை. சிமென்ட் ஏற்றிய ரயில் ஒன்று அந்தப் பக்கம் வருகிறது என்று கேள்விப்பட்டுக் கேமராவோடு போய்விட்டான். இரண்டு கையிலும் இரண்டு கோனோடு அவள் மணலில் நின்றது. முதலில் தன்னுடையதைச் சாப்பிட்டது. அவனுடையது முழங்கை வரை ஒழுகியதும் அதையும் சாப்பிட்டது. அவன் வந்து, 'பதினெட்டு வேகன்' என்று சொன்னது. இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொல்லாததை எல்லாம் எழுதி அனுப்பினாள்.

பதில் வந்தது. 'அது தப்பு. உருகுறதுக்குள்ள வந்திருக்கணும்.'

கம்பளிச் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து, பாலத்துக் கோடியில் தண்டவாளம் பிரியும் இடத்தில் மாற்றியிருக்க வேண்டிய பாயின்டை யாரும் மாற்றாததால், ரயில்கார் நேராக மரமில்லுக்குள் புகுந்து, மறுபக்கம் வெளியே வந்து, மேஜை விளிம்பில் ஒரு கணம் யோசித்துவிட்டு, செல்வினின் டீக்கோப்பைக்குள் இறங்கியது.

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. ஒரு கிழவர் இறுதி மரியாதை செய்கிற மாதிரி தொப்பியைக் கழற்றினார்.

நான்கு மணிக்குப் பார்வையாளர்களின் வாக்குச் சீட்டுகளை எண்ணினார்கள். செல்வின் மேடையில் ஏறி, சீட்டைப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி பார்த்தார்.

"பார்வையாளர் பரிசு," என்றார், பல் பிடுங்கிக்கொள்பவர் மாதிரி. "ராய்ஸ் டிரான்டர் மேஜைக்கு. இருநூத்திப் பத்து ஓட்டு. எனக்கு நாலு."

நீல ரிப்பன் பூவை அவள் கையில் கொடுக்கும்போது குனிந்து கேட்டார். "அடுத்த வருஷமும் நீங்களே வருவீங்களா? மலையை மட்டும் என் பக்கம் வைக்காதீங்க."

க்ளெனிஸ் தலையாட்டினாள். மனசு அங்கே இல்லை. காரில் ஏறியதும் கண்ணாடியைத் திருப்பி உதட்டுச்சாயம் பூசிக்கொண்டாள். கடலோர ரோட்டில் போகும்போது வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாகவே ஓட்டினாள். மலை போனது, ஆடு போனது, ரயில்காருக்குள் டீ. அவற்றை எப்படிச் சொல்வது என்ற கவலை அவளுக்கு இல்லை. முகத்தைப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் எழுதின முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வார்டில் இரண்டே கட்டில்கள். ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் ராய்ஸ் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். காலையிலிருந்து எழுதி எழுதிக் களைத்துப்போய்விட்டான் போலிருக்கிறது. அடுத்த கட்டிலில் காலில் மாவுக்கட்டோடு ஒருவர் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார்.

க்ளெனிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு ராய்ஸின் கையை எடுத்து வைத்துக்கொண்டாள். ரிப்பன் பூவைத் தலையணையில் குத்தினாள்.

"ராய்ஸ்," என்றாள் மெதுவாக. "நீ எழுதினது ஒண்ணையும் அழிக்கல. வெச்சிருக்கேன். வீட்டுக்கு வந்ததும் ஷெட்டுக்குப் போறதுக்கு முன்னாடி தினம் அரை மணி நேரம் என்கூட உக்காரு. அது போதும் எனக்கு."

ராய்ஸ் தூக்கத்தில் முகம் சுளித்தான். "வண்டி..." என்றான்.

"ஓடிச்சு," என்றாள் க்ளெனிஸ்.

பக்கத்துக் கட்டிலில் செய்தித்தாள் மடிந்தது. ஒரு கை நீண்டது. மண்வேலை செய்து தடித்த கை. அதில் ராய்ஸின் கைபேசி இருந்தது.

"மன்னிச்சுக்கங்கம்மா," என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். "ஆபரேஷனை இன்னிக்கே வெச்சுட்டாங்க. காலைல ஒம்பது மணிக்கே இவரைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. உங்களுக்குத் தெரிஞ்சா வண்டியை விட்டுட்டு ஓடி வந்துடுவீங்களாம், அதனால நீங்க என்ன கேட்டாலும் ஏதாவது பதில் போட்டுக்கிட்டே இருக்கச் சொல்லி போனை என் கையில குடுத்தார். நான் உருளைக்கிழங்கு பயிர் பண்றவன். ரயிலைப் பத்தி எழுதினதெல்லாம் சும்மா வாய்க்கு வந்தது. மத்ததெல்லாம் மனசாரத்தான் எழுதினேன்."