ஒட்டகத்தார் கேட்காமல் விட்ட கேள்வி

லண்டனில் மழைக்குப் பயப்படாதவர்கள் உண்டு, குளிருக்குப் பயப்படாதவர்களும் உண்டு. ஆனால் வெயிலுக்குப் பயந்து குடை பிடித்த ஒரே மனிதன் எங்கள் ஒட்டகத்தார்தான். அதுவும் ஃபாரஸ்ட் கேட்டில், ஏப்ரல் மாதத்தில். மேகத்துக்குள்ளே இருந்து சூரியன் எட்டிப் பார்த்தால் மற்றச் சனம் மேல்சட்டையைக் கழற்றும். இவர் தலையில் ஈரத் துவாயைப் போட்டுக்கொண்டு சுவர் நிழலைப் பிடித்து நடப்பார்.

தாய் தகப்பன் வைத்த நல்ல பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அதைத் தபால்காரன் மட்டும்தான் பாவித்தான்.

எண்பதுகளின் நடுவில் எங்கள் வீட்டு மேல்மாடிச் சின்ன அறைக்கு அவர் குடிவந்தார். ஏஜென்ட் ஒருவன் அவரைச் சகாராவில் இறக்கி, ஒரு நாட்டு எல்லையைத் தாண்ட நாலு இரவு மணலில் நடத்தி, பிறகு எங்கெங்கோ சுற்றி லண்டனுக்கு அனுப்பியிருந்தான். படியேறி வந்தபோது ஒரு காலில் சப்பாத்து, மற்றக் காலில் செருப்பு.

“மற்றச் சப்பாத்து எங்கை தம்பி?” என்றேன்.

“ஆறு கொண்டு போட்டுது அக்கா.”

“பாலைவனத்திலை ஏது ஆறு?”

“அதைத்தான் நானும் யோசிச்சனான். யோசிச்சு முடியிறதுக்குள்ளை போட்டுது.”

காய்ந்த ஆற்றுப் படுகையில் மெத்தை மாதிரி மணல் கிடந்ததாம். படுத்துவிட்டார்கள். எங்கேயோ மலையில் மழை பெய்ய, இங்கே வெள்ளம் வந்துவிட்டது. மனிதர் உயிரோடு வந்தார். ஆனால் மனம் முழுக்க வரவில்லை. பாதி அந்த மணலிலேயே நின்றுவிட்டது.

அதற்கு அத்தாட்சி தினமும் வீட்டில் நடந்தது. படி இறங்குமுன் இரண்டு செம்பு தண்ணீர் குடிப்பார். கையில் ஐந்து லிட்டர் பிளாஸ்ரிக் கான் வேறு. பெற்றோல் ஷெட்டில் கல்லாவில் நிற்கிறவருக்கு இது எதற்கு? “தாகம் வந்தாப் பிறகு குடிக்கிறது பிந்தின குடி அக்கா. பைப்பை நம்பி வெளிக்கிடக் கூடாது” என்பார். முதலாளிக்கு அந்தக் கானில் சந்தேகம் விழுந்தது. ஒருநாள் மறித்து, மூடியைத் திறந்து, மோந்து பார்த்தார். அப்படியும் ஆறவில்லை, ஒரு மிடறு குடித்தும் பார்த்தார். வெறும் தண்ணீர்தான் என்றதும் மனிதருடைய முகம் வாடிப்போய்விட்டதாம்.

காலையில் சப்பாத்தைத் தலைகீழாகப் பிடித்து மூன்று தட்டுத் தட்டாமல் போட மாட்டார். தேள் இருக்குமாம். “ஃபாரஸ்ட் கேட்டிலை தேள் வாடகை குடுத்துத்தான் இருக்கோணும்” என்று என் வீட்டுக்காரர் பகிடி பண்ணுவார். ஒருநாள் தட்டும்போது உள்ளேயிருந்து என்னவோ டிங் என்று விழுந்தது. இரண்டு கிழமையாக நான் தேடித் திரிந்த தோட்டுச் சுரை, அந்தச் சின்னத் திருகாணி. அன்றிலிருந்து தேளைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் பகிடி பண்ணுவதில்லை.

பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் வெயில் தெரிந்தால் நடக்கவும் மாட்டார். ஒரு ஞாயிறு என் வீட்டுக்காரர் அவரோடு வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ் புல்வெளிக்கு உலாத்தப் போனார். சரியாகப் பதினொரு மணிக்கு ஒட்டகத்தார் ஒரு புதர்ப் பற்றைக்குக் கீழே படுத்து, முகத்தைத் துணியால் மூடி, “அண்ணை, நீங்களும் படுங்கோ” என்றிருக்கிறார். இவரும் படுத்திருக்கிறார். நாய் கூட்டி வந்த வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி இரண்டு பிரேதம் கிடக்கிறது என்று அம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டாள். அதன்பிறகு என் வீட்டுக்காரர் உலாத்துவது என்றால் கொல்லைப்புறத்தில் மட்டும்தான்.

இப்படி எல்லாம் தெரிந்த மனிதருக்குத் தெரியாத ஒன்றை நான்தான் படிப்பித்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான் நான், ஆனால் என் வீட்டில் முறை தவற விடமாட்டேன். ஒரு காலை என் வீட்டுக்காரர் கவுன்சில் ஒஃபிசுக்கு வெளிக்கிட்டு வாசலைத் தாண்டினார். ஒட்டகத்தார் படியில் நின்றபடி, “எங்கை போறியள் அண்ணை?” என்றார்.

“வெளிக்கிடுற மனுசனை எங்கை எண்டு கேக்கிறதோ?” என்றேன். “தூரவோ எண்டெல்லோ கேக்கிறது. தாய் சொல்லித் தரேல்லையோ?”

போனவரைத் திருப்பிக் கூப்பிட்டு, கதிரையில் இருத்தி, தண்ணீர் குடிக்கவைத்து, மறுபடி அனுப்பினேன். அதற்குள் மூன்று பஸ் போய்விட்டது. ஒட்டகத்தார் நடுங்கிப்போனார். அதற்குப் பிறகு யார் வாசலைத் தாண்டினாலும் “தூரவோ?” மட்டும்தான். பெற்றோல் அடித்துவிட்டுப் புறப்படுகிற வெள்ளைக்காரரிடமும் “ஃபார்?” என்று மரியாதையாகக் கேட்பாராம்.

அவருக்கு ஊரில் மனைவி இருந்தாள். யோகம். கலியாணம் முடித்து ஏழு மாதம் சேர்ந்து இருந்தார்கள், நாலு வருடம் பிரிந்து இருந்தார்கள். அந்த யோகத்தை லண்டனுக்கு எடுப்பிக்க ஏஜென்ட் ஒருவன் ஒத்துக்கொண்டான். இவர் வந்த அதே வழி, அதே மணல், மூன்று நாலு இரவு நடை. கேட்ட அன்று மனிதர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், வாய்க்குப் போகவில்லை.

மறுநாள் ஒரு கசெற்றும் ரெக்கோடரும் வாங்கி வந்தார். என் குசினிதான் வீட்டில் சத்தம் குறைந்த இடம் என்று அங்கேயே இருந்து பேசிப் பதிந்தார்.

“இஞ்சரும், யோகம். சப்பாத்து அளவுக்கு ஒரு நம்பர் கூடப் போடும். சொக்ஸ் ரெண்டு சோடி. பின்னேரமும் விடியவும் நடவும், பகலிலை நிழலிலை கிடவும். தண்ணியை மிச்சம் பிடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாய்க் குடியும், உப்பும் வைச்சிரும். காஞ்ச ஆத்துக்குள்ளை மாத்திரம் படுக்காதேயும், மெத்தை மாதிரித்தான் இருக்கும், நம்பாதேயும். வழி தவறினால் நடக்காதேயும், அந்த இடத்திலேயே இரும். எல்லைக்குக் கிட்ட ரோச் வெளிச்சம் அடிக்காதேயும்.”

நான் வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றேன். பொறுக்க முடியவில்லை. “நாலு வருசத்துக்குப் பிறகு பெண்சாதியோடை கதைக்கிறீர். பாசமாய் ஒரு சொல் சொல்லுமன் தம்பி.”

அவர் என்னைப் பார்த்தார், கசெற் சுற்றுவதைப் பார்த்தார், காது சிவந்துபோனது. கடைசியில் சொன்னார்: “சொக்ஸ் நனைஞ்சால் உடனை மாத்தும்.”

கசெற் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு பின்னேரம் ரெலிபோன் அடித்தது. கொழும்பு லொட்ஜிலிருந்து யோகம். ஒரு நிமிடம்தான் பேசலாம், வாகனம் வந்து நிற்கிறது என்றாள். நான் பக்கத்திலேயே நின்றேன். அவள் குரல் எனக்கும் கேட்டது.

“வெளிக்கிடப் போறன். போட்டு வாறன்.”

ஒட்டகத்தார் பதறிப்போய், “எங்கை…” என்று தொடங்கினார்.

நான் என் கையை அவர் வாயில் வைத்தேன். பயணம் புறப்படுகிற பிள்ளையை, அதுவும் அப்படிப்பட்ட பயணத்தை, எங்கை என்று கேட்டு மறிப்பதா? அவர் அந்தச் சொல்லை விழுங்கினார்.

“தூரவோ?” என்றார்.

“ஓம், தூரந்தான்” என்றாள் யோகம். லைன் அறுந்தது.

பிறகு ஒரு கிழமை, இரண்டு கிழமை, ஒரு செய்தியும் இல்லை. ஏஜென்டின் நம்பர் எடுக்க ஆளில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது. ஒட்டகத்தார் பகல் வேலையை மாற்றிக்கொண்டு மத்தியானத்தில் வந்து அறையில் படுப்பார். “இப்ப அவவும் நிழலிலை கிடப்பா” என்பார். பின்னேரமானால் எழும்பி வான்ஸ்டெட் ஃபிளாட்ஸைச் சுற்றிச் சுற்றி நடப்பார். “இப்ப நடக்கத் தொடங்கியிருப்பினம்.” ஒருநாள் செம்பைத் தொடாமல் படி இறங்கினார்.

“என்ன தம்பி, தண்ணி குடிக்கேல்லையே?”

“அவவிட்டை எவ்வளவு மிச்சமோ தெரியாது அக்கா.”



இருபத்து மூன்றாம் நாள் ரெலிபோன் வந்தது.

“இஞ்சருங்கோ, நான் வந்து சேந்திட்டன்.”

“எங்கை நிக்கிறீர்? ஹீத்ரோவிலையோ? இந்தா வெளிக்கிட்டிட்டன்.”

“ரொறன்ரோவிலை.”

“அது எத்தினையாம் ரேமினல்?”

“கனடா அப்பா.”

மனிதர் படியில் இருந்துவிட்டார். ஏஜென்ட் கடைசி நேரத்தில் வழியை மாற்றியிருக்கிறான். சகாரா இல்லை, மெக்சிக்கோவால் அமெரிக்க எல்லை, அங்கேயிருந்து கனடா. புருசனுக்குச் சொல்லியாச்சு என்று அவளிடம் பொய் சொல்லியிருக்கிறான்.

“எனக்கு ஒரு சொல் சொல்லேல்லையே நீர்.”

“நீங்கள் கேக்கேல்லையே. தூரவோ எண்டு கேட்டியள், தூரந்தான் எண்டன்.”

ஒட்டகத்தார் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தேன்.

அவள் சொல்லச் சொல்ல எங்களுக்கும் திருப்பிச் சொன்னார். அங்கேயும் மணல்தானாம். மணலில் முள்ளு மரம் ஆள் மாதிரிக் கை நீட்டிக்கொண்டு நிற்குமாம். பதினொரு பேர். கூட்டிப்போனவன் ஒரு காய்ந்த ஆற்றைக் காட்டிப் படுக்கச் சொன்னான். யோகம் மாட்டேன் என்று நின்றாள். சிரித்தவர்களுக்குக் கையோடு கொண்டுவந்த சின்ன ரெக்கோடரில் கசெற்றைப் போட்டுக் காட்டி, எல்லோரையும் மேட்டுக்கு இழுத்தாள். விடியுமுன் வெள்ளம் வந்து அந்தப் படுகையை வாரிக்கொண்டு போனது. பிறகு பகல் பொழுதெல்லாம் பற்றைக்குள் கிடந்து, பதினொரு பேரும் அந்தக் குரலைத்தான் கேட்டுக்கொண்டு இருந்தார்களாம்.

“அதிலை ஒரு பொம்பிளை பாசமாய் ஒரு சொல் சொல்லுமன் எண்டு கத்தினவ. அது ஆர்?”

“வீட்டுக்கார அக்கா.”

“நீங்கள் சொன்னனீங்கள் எண்டு அவவுக்குச் சொல்லுங்கோ. எனக்கு விளங்கினது.”

உயிர் தப்பிவிட்டது. ஆனால் சேர முடியவில்லை. இவருக்கு இங்கே அகதிக் கேஸ் முடியவில்லை, வெளியே போனால் திரும்ப வர ஏலாது. அவளுக்கு அங்கே அதே கதை. ஒரு வருடம் ஏழு வருடமாக நீண்டது. மணலில் எப்படி நடப்பது என்று உலகத்துக்கே சொல்லிக் கொடுக்கக்கூடியவர், தேசப்படத்தை என் குசினி மேசையில் விரித்து வைத்து, லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் நடுவே கிடந்த நீலத்தை விரலால் தடவுவார். “மணலெண்டால் நாலு இரவு அக்கா. இது ஒரே தண்ணியாக் கிடக்கு.”

அந்த ஏழு வருடமும் என் கை என்னைச் சுட்டது. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“என்னிலை கோவமோ தம்பி?”

“என்னத்துக்கு?”

“அண்டைக்கு உம்மடை வாயைப் பொத்தினது நான்தானே.”

அவர் கொஞ்சநேரம் கோப்பையைச் சுற்றினார். “கேட்டிருந்தால் கனடா வேண்டாமெண்டு மறிச்சிருப்பன் அக்கா. அவ சகாராவாலை வந்திருப்பா. அந்த மாதம் அந்த வழியாலை போனவை…” என்றார். முடிக்கவில்லை. எழும்பிப் போய்க் கோப்பையைக் கழுவினார். அது உண்மையோ, எனக்காகச் சொன்னதோ, இன்று வரை எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் அவருக்குக் கடதாசிகள் வந்தன. ஒரு சூட்கேஸோடு ரொறன்ரோவுக்குப் போய்விட்டார்.

போய்ச் சேர்ந்த அன்று ரெலிபோன் எடுத்தார். “அக்கா, வந்து சேந்திட்டன்” என்று தொடங்கியதும் பின்னால் ஒரு குரல் கேட்டது.

“கதவைச் சாத்துங்கோ, குளிர் அடிக்குது.”

“சாத்திப்போட்டன்.”

“எங்கை சாத்தினது, ஆவெண்டு கிடக்கு.”

ரிசீவரை எங்கோ வைத்துவிட்டுக் கதவைப் பார்க்கப் போனார். போனவர் என்னை மறந்தே போனார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கோப்பை வைக்கிற சத்தம் கேட்டது. அவர் ஏதோ மெல்லச் சொல்ல, அவள் சிரித்தாள். யாராவது வந்து ரெலிபோனைக் கண்டு வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில், நான் இங்கே மூச்சுக் காட்டாமல் நின்றேன்.