கீரி வீட்டுத் தேத்தண்ணி

ஒரு காட்டில், சண்டை முடிந்துவிட்டது என்று ஒலிபெருக்கியில் அறிவித்த பிறகு, ஒரு கீரிக் குடும்பம் முகாமிலிருந்து ஊர் திரும்பியது. யானைகளுக்கும் பன்றிகளுக்கும் நடந்த சண்டை அது. எதற்காக நடந்தது என்று என்னைக் கேட்காதேங்கோ. கீரிகளிடமும் ஒருவரும் சொல்லவில்லை, வீட்டை மட்டும் உடைத்துவிட்டுப் போனார்கள்.

ஒன்றரைச் சுவர் மிச்சம் இருந்தது. கூரை இல்லை. தாய்க்கீரி பவளம் ஒரு கிழிந்த தறப்பாளைக் கட்டி, அதன் கீழே குட்டிகளைப் படுக்கவைத்தாள். கடைக்குட்டிக்கு நெஞ்சுச்சளி, இரவெல்லாம் இருமல். மாரி மழை தொடங்குவதற்குள் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

தகப்பன் குலசிங்கம் நிவாரணக் கந்தோர் வாசலில் நின்று நின்று கால் வீங்கி, ஒருவழியாக ஓர் அதிகாரியை வீடு பார்க்க வரச் சம்மதிக்க வைத்தான். வந்தவர் கொக்கர். கழுத்தில் அடையாள அட்டை, செட்டைக்குள் ஒரு பெரிய போன்.

பவளத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்த ஆளை வெறும் வாயோடு அனுப்பினால் அவளுக்கு அன்றைக்கு நித்திரை வராது. வளர்த்த வளர்ப்பு அப்படி, அதற்கு மருந்தில்லை. கொக்கரின் தலை ஒழுங்கையில் தெரிந்ததுமே மூத்த குட்டியை ஓடவிட்டு, ஆமை வீட்டில் அவர் உட்கார ஒரு பிளாஸ்டிக் கதிரை இரவல் வாங்கினாள். அணில் வீட்டிலிருந்து பூப்போட்ட கோப்பை வந்தது. கடைக்குட்டியின் இருமலுக்கு என்று வைத்திருந்த பனங்கட்டியை உடைத்து, சுடச்சுடத் தேத்தண்ணியோடு நீட்டினாள்.

பழைய கதை என்றால் இந்த இடத்தில் விருந்தாளி தெய்வமாக மாறுவார், குடிசை மாளிகையாகும். இவர் அதிகாரியாகவே இருந்தார். குடித்து முடித்து அலகைத் துடைத்துவிட்டு, போனில் தட்டினார். கதிரை உண்டு, கோப்பை உண்டு, விருந்தாளியைக் கவனிக்கும் அளவுக்கு வசதியும் உண்டு. ஆகவே கூரை தேவையில்லை.

"தேத்தண்ணி திறம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்துக் காணி உடும்பருக்குக் கூரை கிடைத்திருந்தது. கொக்கர் வந்தபோது அவர் செத்த மாதிரிக் கிடந்தாராம். அவர்தான் பவளத்துக்குப் புத்தி சொன்னார்.

"தங்கச்சி, அடுத்தமுறை அடுப்பையும் மூடு, வாயையும் மூடு. வாங்கோ எண்டுகூடச் சொல்லிப் போடாதை."

குலசிங்கம் திரும்பவும் போய் நின்று, கெஞ்சி மன்றாடி, கொக்கரை இன்னொருமுறை வரவைத்தான். நல்ல உச்சி வெயில். கொக்கர் முற்றத்தில் நின்றார். தொண்டையைச் செருமினார். கிணற்றுப் பக்கம் பார்த்தார். பவளத்தின் கை தானாக எழும்பப் பார்த்தது, அவள் அந்தக் கையின் மேலேயே ஏறி இருந்துகொண்டாள். வெட்கத்தில் கண்ணீர் ஓடியது. உடும்பரின் புத்திமதி ஊர் முழுக்கப் பரவியிருந்ததால், கொக்கருக்கு அன்று எந்த வீட்டிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்கவில்லை.

கொக்கர் நிழலில் ஒதுங்கி நின்று போனில் தட்டினார். சண்டையால் இந்த ஊரவர்களின் மனம் இறுகிவிட்டது. விருந்தோம்பல் அடியோடு செத்துவிட்டது. வீட்டுக்கு முன் மனதைக் கட்டியெழுப்ப வேண்டும்.

கூரைக்கு ஒதுக்கிய காசில் விருந்தோம்பல் பயிற்சிப்பட்டறை வந்தது அப்படித்தான். படிப்பிக்க வெளிக்காட்டிலிருந்து ஒரு வான்கோழி வந்தது. கோப்பையை எந்தக் கையால் நீட்டுவது, வாங்கோ என்னும்போது எத்தனை பல் தெரியலாம் என்றெல்லாம் அது பவளத்துக்கு விளங்கப்படுத்தியது. பவளத்துக்கு வந்த ஆத்திரத்தில் அதன் கழுத்தைக் கடித்திருப்பாள்.

ஆனால் அன்று மாரி தொடங்கிவிட்டது. பயிற்சிக்கு வந்தவர்கள் குடும்பத்தோடு அது நடக்கும் மண்டபத்தில்தான் தங்க வேண்டும். மண்டபத்துக்கு நல்ல ஓட்டுக்கூரை. கடைக்குட்டி ஈரமில்லாத சாக்கில் சுருண்டு, இருமாமல் நித்திரை கொண்டது. பவளம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி நாள் பரீட்சை. தேறினவர்கள் வீட்டுக்குப் போகலாம். தேறாதவர்கள் மண்டபத்திலேயே இருந்து அடுத்த அணியோடு திரும்பப் படிக்க வேண்டும். அணில் அதிவிசேட சித்தியோடு தேறி, சான்றிதழைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனாள்.

பிறகு பவளத்தின் முறை. பரீட்சைக்கு விருந்தாளியாகக் கொக்கரே நனைந்துகொண்டு உள்ளே வந்தார். மேசையில் தேத்தண்ணி ஆவி பறந்தது, பக்கத்தில் ஒரு துண்டு பனங்கட்டி. பவளம் கோப்பையை எடுத்தாள். அவரைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் தானே குடித்தாள். பனங்கட்டியைக் காலடியில் நின்ற கடைக்குட்டியின் வாயில் வைத்தாள்.

"ஏன் வந்தனீங்கள்?" என்று கேட்டாள்.

கொக்கர் மிகவும் மனம் வருந்தி, இந்தக் குடும்பத்துக்கு மாரி முடியும்வரையாவது தொடர்ந்து பயிற்சி தேவை என்று எழுதினார்.

நீதி: கூரை கிடைக்கும்வரை நல்ல குணத்தை வெளியே எடுக்காதேங்கோ. குணமும் நனையும், பிள்ளையும் நனையும்.