கவர்னர் மாளிகையில் ஆணி அடிக்கக் கூடாது

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களின் சமூகத்துக்கு,

இங்கே அனைவரும் சுகம், என் இரண்டு முழங்கால்கள் நீங்கலாக. அங்கே நீங்களும் உங்கள் வீட்டம்மாவும், முழங்கால்கள் உட்பட, சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

போன வாரம் தொலைபேசியில், "மாப்பிள்ளை, வீம்பு பண்ணாம ஒரு வழிகாட்டிய ஏற்பாடு பண்ணிக்குங்க, பொண்ணு வாழ்க்கை" என்று சொன்னீர்கள். பெரியவர் சொன்னார் என்று பொறுத்துக்கொண்டேன். இப்போது காரியம் முடிந்துவிட்டது, அதுவும் வழிகாட்டி இல்லாமல், கார் இல்லாமல், வழியில் ஒரு ஈ காக்காயிடம்கூட விசாரிக்காமல். அது எப்படி முடிந்தது என்பதை நீங்கள் முழுதாகப் படித்தே ஆக வேண்டும்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நம் பாப்பாவும் அவள் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் பையனும் தங்களுக்குள் முடிவு செய்துவிட்டார்கள். பையனின் அம்மாவுக்கும் பூரண சம்மதம். பையனின் அப்பா மட்டும், "பொண்ணோட அப்பாகூட ஒரு நாள் பேசிப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்" என்று ஒற்றைக்காலில் நின்றார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். முப்பது வருடம் பூகோளம் நடத்தியவர், யாரையும் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று பேச்சு. மனைவியோடு காலை ரயிலில் வந்து சாயங்கால ரயிலில் திரும்புவதாக ஏற்பாடு. பாப்பா முதல் நாளே தொலைபேசியில் அழாத குறையாக, "அப்பா, தெரியாதத தெரியாதுன்னு சொல்லிடுங்கப்பா, ப்ளீஸ்" என்றாள். நான் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் சூப்பரின்டெண்டாக இருந்தவன். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தெரியாது என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் மறுநாள் பியூன்கூட எனக்கு எழுந்து நின்றிருக்க மாட்டான். இதெல்லாம் அவளுக்கு எங்கே புரியப்போகிறது.

இந்த ஊரின் பெருமையே வெள்ளைக்காரர் காலத்துப் பழைய நகரம்தான். வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்க்கிறார்கள். நான் இத்தனை வருடம் இங்கே குடியிருந்தும் அந்தப் பக்கம் போனதில்லை, அலுவலகம் எதிர்த்திசையில் இருந்ததால். ஆனாலும் சொந்த ஊரைக் காட்ட எனக்கு இன்னொருவன் எதற்கு? சுற்றுலா அலுவலகத்தில், வழிகாட்டி இல்லாமல் நாமே நடந்து பார்க்கிறவர்களுக்கென்று ஒரு வரைபடம் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு பழைய கட்டடத்திலும் எண் போட்ட பித்தளைத் தகடு பதித்திருப்பதாகவும், எண் வரிசைப்படி நடந்தால் போதும் என்றும் அதில் போட்டிருந்தது. போய்ப் பார்த்தால் தகடு ஒன்றையும் காணோம். பித்தளை அல்லவா, திருட்டுப் போயிருக்கும் என்று ஊகித்தேன். நான் ஊகித்தபடியே, செலவைக் குறைக்க அரசாங்கம் சுவர்களில் வெள்ளைப் பெயிண்டால் எண்ணும் அம்புக்குறியும் போட்டு வைத்திருந்தது. பெயிண்ட் இன்னும் பளிச்சென்று இருந்தது. நம் வருகைக்காகவே அடித்தது போல எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒன்றாம் எண், வரைபடத்தின்படி, பழைய சுங்க மாளிகை. உள்ளே ஒரு தையற்காரர் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் அசரவில்லை. "சார், கோட்டைச் சிப்பாய்களுக்குச் சீருடை தச்ச பரம்பரை இவங்க" என்று விளக்கினேன். தலைமையாசிரியர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ஆமா, படிச்சிருக்கேன்" என்றார். தையற்காரர் தலையைத் தூக்கி, "எங்கப்பா மீன் வித்தாருங்க" என்றார். தலைமையாசிரியர் என் காதருகே குனிந்து, "என்ன அடக்கம் பாத்தீங்களா" என்றார். அந்த இடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

இரண்டாம் எண் கவர்னர் மாளிகை. நான் எதிர்பார்த்ததைவிடச் சிறியதாகத்தான் இருந்தது, ஆனால் அந்தக் காலத்துக் கவர்னர்கள் எளிமையானவர்கள் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தேன். கதவைத் திறந்த அம்மாள் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மாடிதானே? வாங்க" என்று அழைத்துப்போய் ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டினார். "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது" என்றார். புராதனச் சின்னப் பாதுகாப்புச் சட்டம் என்று நான் விளக்கினேன். "ராத்திரி பத்து மணிக்கு கேட்டப் பூட்டிடுவேன்" என்றார். பார்வையாளர் நேரம் என்று தலைமையாசிரியர் தன் மனைவிக்கு விளக்கினார். "மேல தண்ணி ஏறாது, மோட்டார் போட்டுக்கணும்" என்றதும் அவர் குளியலறையை வெகுநேரம் உற்றுப் பார்த்து, "அப்ப கவர்னர் எப்படிச் சமாளிச்சாரு?" என்று கேட்டார். அந்த அம்மாள், "அவரு யாரு? போன மாசம் காலி பண்ணினவரு வங்கி மேனேஜரு" என்றார். நான் உடனே குறுக்கே புகுந்து, கவர்னருக்குப் பிறகு கட்டடம் ஒரு வங்கிக்குப் போன வரலாற்றை எடுத்துச் சொன்னேன். தலைமையாசிரியர், "அதையும் படிச்சிருக்கேன்" என்றார். என்ன படிப்பு பாருங்கள் அந்த மனிதருக்கு.

உங்கள் தங்கையும் சம்பந்தியம்மாளும் எங்களுக்குப் பத்தடி பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். இருவருக்கும் சரித்திரத்தில் நாட்டம் போதாது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னவோ சொந்தக் கதை பேசிச் சிரித்தபடி வந்தார்கள். திடீரென்று காணாமல் போவார்கள், ஜூஸ் பாட்டிலோடு திரும்பி வருவார்கள். பெண்களுக்கு அவ்வளவுதான் பிடிக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

உலாவின் சிகரம் ஐந்தாம் எண். அது ஒரு முட்டுச்சந்து. சுவரில் அம்புக்குறி நேராகத் தரையைக் காட்டியது, கீழே ஒரு வட்ட இரும்பு மூடி. வரைபடத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு நொடிதான் யோசித்தேன். "கோட்டையிலேருந்து கடலுக்குப் போற ரகசியச் சுரங்கப்பாதை, சார். கலகம் வந்தப்ப கவர்னர் குடும்பத்தோட இது வழியாத்தான் தப்பிச்சாரு" என்றேன். தலைமையாசிரியர் முழங்காலில் கைவைத்துக் குனிந்து, மூடியை மோந்து பார்த்து, "கடல் வாசனை வருது" என்றார். அதற்குள் மண்வெட்டியோடு இரண்டு பேர் வந்து, "சார், கொஞ்சம் தள்ளுங்க, மூடியத் தெறக்கணும்" என்றார்கள். அகழ்வாராய்ச்சி நடக்கிறது என்று நான் தாழ்ந்த குரலில் தெரிவித்தேன். தலைமையாசிரியர் மரியாதையாக, "ஏதாவது கெடச்சுதா?" என்று கேட்டார். "நேத்து ஒரு செருப்பு கெடச்சுது சார்." "எந்த நூற்றாண்டு?" அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆராய்ச்சி முடியாமல் எதையும் வெளியே சொல்லக் கூடாது என்று அவர்களுக்கு உத்தரவு இருக்கும்.

அதன் பிறகு எண்கள் நின்றுபோய்விட்டன. எந்தத் தெருவில் திரும்பினாலும் அந்தத் தையற்கடையிலேயே போய் நின்றோம். முதல் தடவை நான், வெள்ளைக்காரன் நகரம் கட்டும்போது ஒரே மாதிரிக் கடைகளைத்தான் வரிசையாகக் கட்டுவான் என்றேன். இரண்டாம் தடவை தலைமையாசிரியரே அதைத் தன் மனைவிக்கு எடுத்துச் சொன்னார். மூன்றாம் தடவை தையற்காரர் வாசலுக்கு வந்து கையை நீட்டினார், நாங்களும் பதிலுக்கு வணக்கம் வைத்தோம். ரயிலுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு உள்ளுக்குள் வியர்த்துவிட்டது, மச்சான், உங்களிடம் சொல்வதற்கென்ன. தவறவிட்டால் பாப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பேன்? அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து, "சார், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார். வழியைத்தான் கேட்கப்போகிறார், தொலைந்தோம் என்று நினைத்தேன்.

அவர் கேட்டது வேறு. "உங்க பொண்ணும் உங்கள மாதிரியா? தெரியாதுன்னு சொல்லமாட்டாளா?"

பாப்பா சொல்லி அனுப்பியது ஞாபகத்துக்கு வந்தது. ஆனாலும் மனதில் இருந்ததை மறைக்க முடியவில்லை. "எங்க வீட்டுல யாருக்கும் அந்த வார்த்தை வாயில வராது, சார்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன மறுகணமே, ஐயோ, பெண்ணின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று உறைத்தது.

தலைமையாசிரியர் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். பிறகு, "என் பையன் எதக் கேட்டாலும் தெரியாது, பாக்கலாம், யோசிக்கலாம்னுதான் சொல்லுவான். இப்படி ஒருத்தனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்னு பயந்துகிட்டிருந்தேன். இவங்க ரெண்டு பேருல ஒருத்தராவது தைரியமா நடக்கட்டும். தேதி பாத்துடலாம், சம்பந்தி" என்றார். நடுத்தெருவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண் கலங்கியது, கலங்கினால் என்ன, என் பெண். அங்கிருந்து சூரியனின் திசையை மட்டும் வைத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல், ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ரயில் நின்றுகொண்டிருந்தது.

ஆகவே, மச்சான், வழிகாட்டி வேண்டுமென்று சொன்ன உங்களுக்கு என் பணிவான பதில் இதுதான். உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள், உங்களுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலான நலம்.

இப்படிக்கு,
வழி கேட்காத உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: அண்ணா, இது நான். ஒட்டித் தபாலில் போடும்படி என்னிடம் கொடுத்தார், ஒட்டுவதற்குமுன் படித்துவிட்டேன். சுவரில் இருந்தது சாக்கடை அடைப்பு எடுக்கிறவர்கள் போட்ட எண். ஜூஸ் வாங்கப்போன இடத்தில் முதலிலேயே விசாரித்துவிட்டோம். பித்தளைத் தகடு எல்லாம் பத்திரமாக இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. சொல்லிவிடலாமா என்று கேட்டதற்குச் சம்பந்தியம்மா என் கையைப் பிடித்து, "வேண்டாம்மா, எங்க வீட்டுக்காரரு இன்னொருத்தர் பேச்சக் கேட்டுத் தலையாட்டி நான் பாத்ததே இல்ல, நடக்கட்டும்" என்றாள். தையற்காரரிடம் நாங்கள்தான் சொல்லி வைத்தோம், அவர் ஸ்டேஷன் இருக்கும் பக்கம் கையைக் காட்டினார். இவர்கள் வணக்கம் வைத்ததும் வேறு வழியில்லாமல் கடையைப் பூட்டிவிட்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். சூரியன் அன்றைக்கு மேகத்துக்குள் இருந்தது.

மாடி வீடு நன்றாக இருந்ததால், கல்யாணத்துக்கு வருகிறவர்கள் தங்குவதற்கு அந்த அம்மாவிடம் பேசிவிட்டேன். இப்போது சிக்கல் என்னவென்றால், தலைமையாசிரியர் ஊருக்குப் போய்த் தன் அண்ணன் தம்பிகளிடமெல்லாம் சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு முதல் நாள் அத்தனை பேரையும் இவர் அழைத்துப்போய்க் காட்ட வேண்டுமாம். இவர் இப்போதே கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகுகிறார். இந்த மனிதரை இவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது. ஆனால் வேலை முடிந்ததென்று நேற்று அந்த எண்களையெல்லாம் சுண்ணாம்பு அடித்து மறைத்துவிட்டார்கள். நீங்கள் இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுங்கள், அண்ணா. வரும்போது வெள்ளைப் பெயிண்ட் ஒரு டப்பாவும் நல்ல பிரஷ் ஒன்றும் வாங்கி வாருங்கள்.