கார்த்திகையில் விளைந்த என் சொர்ணவாரி நெல்

இருபத்து மூன்று வயதில் ஒருவனுக்கு அரசாங்க வேலையும் சொந்த சைக்கிளும் சேர்ந்து கிடைத்துவிட்டால், அவனுக்கு யாராலும் எதையும் புரியவைக்க முடியாது. எனக்கு இரண்டும் ஒரே மாதத்தில் கிடைத்தன. போதாக்குறைக்கு ஆரம்பாக்கத்தில் பெண்ணும் நிச்சயமாகிவிட்டது. கேட்க வேண்டுமா?

அறுபதுகளின் கடைசி அது. நான் கிராம சேவக். விவசாயிகளுக்கு விவசாயம் சொல்லிக்கொடுப்பது வேலை. (திருவள்ளூர் கடைத்தெருவில் வளர்ந்த எனக்கு, நெல்லுக்கும் அரிசிக்கும் நடுவே மெஷின் என்று ஒன்று இருப்பது மட்டும்தான் தெரியும்.) பயிற்சியில் புது ரக நெல் ஒன்றைப் பற்றிச் சொன்னார்கள். நூற்றுச் சொச்சம் நாளில் அறுவடை என்றதும் அவசரமாக எழுதிக்கொண்டேன். எந்தப் பருவத்தில் விதைக்க வேண்டும் என்று அவர்கள் சொன்ன நேரத்தில் டீ வந்துவிட்டது.

வருங்கால மாமனார் முனுசாமிக்கு ஏரிக்குக் கீழே இரண்டு ஏக்கர். ஆவணியில் வழக்கம்போல் சம்பா விதைக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். எங்கள் பக்கத்துச் சம்பா பொறுமைசாலி. ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் பச்சையாக நின்றபடியே குடித்துவிட்டு, தையில் வெயில் வந்த பிறகுதான் முற்றும். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது.

“மாமா, இந்தப் புது ரகத்தப் போடுங்க. ஊரே தையில அறுக்கும். நீங்க கார்த்திகையிலயே அறுத்துடலாம்” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க சொல்றத பாத்தா சொர்ணவாரிக்குப் போட்ற நெல்லாட்டம் கீது மாப்ளே. அது வெயில் காலத்துல வெளையறது. கார்த்திலே மழ புடிச்சிக்கினா இன்னா பண்றது?”

“மழை வந்தா பயிருக்கு நல்லதுதானே மாமா?”

(இதைச் சொன்னது நான்தான். சம்பளம் வாங்கிக்கொண்டு சொன்னேன்.)

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வரப்போகிற மாப்பிள்ளை, அதுவும் சர்க்கார் உத்தியோகம். மறுத்துப் பேசினால் மரியாதையாக இருக்காது என்று இரண்டு ஏக்கரிலும் என் நெல்லையே விதைத்துவிட்டார். அந்த விளைச்சலை நம்பித்தான் தையில் எங்கள் கல்யாணம்.

பயிர் அமோகமாக வந்தது. ஞாயிறுதோறும் ரயிலேறிப் போய் வரப்பில் உலாவினேன். பயிர் பார்க்க என்று சொல்லிக்கொண்டாலும், பெண் சாரதா கண்ணில் படுவாளா என்பதுதான் என் கவலை. கார்த்திகை பிறந்தது, கதிர் மஞ்சளாக முற்றியது. அந்த வாரமே ரேடியோவில் புயல் செய்தியும் வந்தது.

நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தேன். பக்கத்து வயல்களில் சம்பா ஒன்றும் நடக்காததுபோல் நின்றது. எங்கள் நெல் மட்டும் தண்ணீரில் படுத்துக்கிடந்தது. மாமனார் ஒரு கதிரை எடுத்துக் காட்டினார். சில மணிகளில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து ஒருவர் வரப்போடு போனார்.

“இன்னா முனுசாமி, இப்பவே நாத்து உட்றியா?”

எனக்கு அப்படியே சேற்றில் இறங்கிப் புதைந்துவிடலாம்போல் இருந்தது. மாமனார் திட்டியிருந்தால்கூடத் தேவலை, மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அறுப்புக்கு ஆள் கூப்பிடப் போய்விட்டார். ஆட்களோடு சேர்ந்து நானும் அரிவாள் பிடித்தேன். நான் முதலில் அறுத்தது என் பேன்ட்டை. எப்படியோ அறுத்து, அடித்து, ஈர நெல்லை வீடு முழுக்கக் கொட்டினோம். குவியலுக்குள் கைவிட்டால் சுட்டது. காயவைக்க வெயில் இல்லை. இரண்டு நாள் போனால் அத்தனையும் முளைத்துவிடும்.

“கல்யாணத்த அடுத்த வருசம் வெச்சிக்கலாம் மாப்ளே” என்றார் மாமனார் மெதுவாக.

 ஒரு வருஷத்தில் இவருக்குப் புத்தி வந்து வேறு மாப்பிள்ளை பார்த்துவிட்டால்?

அப்போதுதான் அடுப்படியிலிருந்து சாரதாவின் குரல் வந்தது. அதுவரை என் எதிரில் அவள் பேசியதே இல்லை.

“நைனா, அவல் இடிக்க நெல்ல ஊறத்தானே வெப்போம்? உங்க மாப்ள புண்ணியத்துல வானமே ஊற வெச்சிகீது. வறுத்து இடிச்சிட்டா போவுது.”

மாமனார் என்னைப் பார்த்தார். பிறகு அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

தெருவிலிருந்த உலக்கைகள் எல்லாம் வந்து சேர்ந்தன. ஒரு பக்கம் சட்டிகளில் நெல் வறுபட, இன்னொரு பக்கம் சூட்டோடு இடித்தார்கள். என் கையிலும் ஒரு உலக்கையைக் கொடுத்தார்கள். (கொப்புளம் ஆற மூன்று வாரம் ஆயிற்று.) கார்த்திகை தீபத்துக்குச் சில நாளே இருந்தது. பொரியும் அவலும் கிராக்கியாக இருந்த நேரம், எங்கள் பக்கத்து ஆரணிக் கடைக்காரர்கள் மூட்டை மூட்டையாக எடுத்துக்கொண்டார்கள். கடைசி மூட்டை வண்டியேறியபோது நான் விட்ட பெருமூச்சில் வீட்டு ஈரமெல்லாம் காய்ந்திருக்கும். தையில் குறித்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் நடந்தது. அன்றைய காலை நாஷ்டா அவல் உப்புமா.

அதற்கப்புறமும் மாமனார் என்னை யோசனை கேட்பதை விடவில்லை. ஒவ்வொரு விதைப்புக்கும் ஆள் அனுப்புவார். “மாப்ள இன்னா போடச் சொல்றார்னு கேட்டுக்கினு வா. அத உட்டுட்டு வேற போட்டுக்கலாம்.”

என் மகளுக்கு இந்தக் கதை அலுப்பதே இல்லை. “ஏம்மா, இவ்ளோ ஆன பெறகும் இவரையா கட்டிக்கினே?” என்று ஒருமுறை கேட்டாள்.

சாரதா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: “அந்த நெல்லு மொளச்சுதே, அன்னிக்குத்தான் முடிவு பண்ணேன். இந்த மனுசன தனியா உடக் கூடாதுன்னு.”