டமாரத்துக்கு ஒரு ஃபோன்

"இன்னைக்கு ஒரே ஒரு நேயர் ஃபோன் பண்ணாக்கூடப் போதும். இல்லன்னா அடுத்த வாரத்துலேருந்து இந்த நேரத்துல 'ஒட்டடை அடிப்பது எப்படி' வரும்" என்று சொல்லிவிட்டு, மேலாளர் ஒலிபரப்பு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

டமாரம் தலையை ஆட்டிவைத்தார். அது வானொலி நிலையத்தார் அவருக்கு வைத்த பெயர். புதிதாக முளைக்கும் ராக், மெட்டல், பாப் பேண்டுகளைத் தேடிப் பிடித்து, அந்த மாதிரிப் பாட்டை ஜென்மத்தில் கேட்டிராதவர்களுக்கு அறிமுகம் செய்துவைப்பது அவர் வேலை. வேலை என்ன வேலை, உயிர்! ஆனால் என்ன செய்ய, நிகழ்ச்சி தொடங்கிய நாளிலிருந்து ஒரு நேயர்கூட லைனில் வந்ததில்லை.

இத்தனைக்கும் மனிதர் வாராவாரம் கெஞ்சாத குறை. "பாட்டு பிடிச்சிருந்தா வணக்கம், சௌக்கியமா எல்லாம் வேண்டாம். ஃபோனை எடுங்க, அடிவயித்துலேருந்து ஒரு கத்து கத்துங்க. மெட்டல்ல அதுதான் மரியாதை!" என்பார். ம்ஹூம். ஒரு ஈ காக்கை அசையாது.

இன்றைய விருந்தாளி 'துரு' என்ற மெட்டல் பேண்டு. பாடகி, மைக் முன்னால் நின்றால் பேய் ஓட்டுகிற மாதிரி உறுமுவாள். மைக்கை விட்டு நகர்ந்தால் வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பெண்.

"அண்ணா, கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா? நாங்க ரேடியோல வர்றது இதுதான் முதல் தடவை. யாராவது கேப்பாங்கல்ல?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்ட? ஃபோன் குவியும் பாரு!"

குவிய வைக்க அவர் வீட்டிலேயே ஏற்பாடு செய்துவிட்டு வந்திருந்தார். மனைவி, மாமனார், மச்சான் என்று மூன்று பேருக்கும் பேசவேண்டியதைச் சொல்லிக்கொடுத்தாயிற்று. மிச்சம் இருந்தது வரவேற்பறையில் ஃபோன் எடுக்கும் அக்காதான். அவரிடம் ஓடினார்.

தங்கமான அக்கா. டமாரத்தின் தொண்டைக்கு மிட்டாய் எல்லாம் வாங்கி வைத்திருப்பார். என்ன, இவர் நிகழ்ச்சி தொடங்கினால் மட்டும் தன் மேசைமேல் இருக்கும் ஸ்பீக்கரை அணைத்துவிடுவார்.

"தப்பா நினைக்காதீங்க சார். மண்டைக்குள்ள ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு."

"பரவால்லக்கா. இன்னைக்கு யாராவது நல்லவிதமா பேசினா உடனே உள்ள அனுப்பிடுங்க."

"நல்லவிதமா பேசினா நான் ஏன் சார் அனுப்ப மாட்டேன்?" என்று மிட்டாய் ஒன்றை நீட்டினார் அக்கா.

நிகழ்ச்சி தொடங்கியது. 'துரு' முதல் பாட்டை அடித்து நொறுக்கியது. கண்ணாடி அதிர்ந்தது, மேலாளரின் மூக்குக்கண்ணாடியும் அதிர்ந்தது. பாட்டு முடிந்த கையோடு நேயர் லைனின் சிவப்பு விளக்கு எரிந்தது. மனைவி!

"வணக்கம், நான் ஒரு ரசிகை. பாட்டு பிரமாதம். அந்த டிரம்ஸ் என்ன அடி!"

"நன்றி நேயரே!" டமாரத்துக்கு உச்சி குளிர்ந்தது. மேலாளரைப் பெருமையாகப் பார்த்தார்.

"அப்புறம், பால்கனிக் கதவு பின்னாடியே சாத்திக்கிச்சு. சாவி உங்க பையிலயா இருக்கு? வெயில்ல வேகறேன், எவ்வளவு நேரம் நிக்கறது?"

"நேயர்... கவிதையாப் பேசறாங்க!" என்று லைனைத் துண்டித்தார் டமாரம். மேலாளரின் புருவம் நெற்றிக்கு ஏறியது.

அடுத்து மாமனார். அவர் எதையும் பிசகாமல் மனப்பாடம் செய்பவர். பிசகு என்னவென்றால், டமாரம் ஒத்திகைக்காகச் சொல்லிக்கொடுத்த போன வாரத்துப் பாப் பாட்டுக்கான பாராட்டையும் சேர்த்து மனப்பாடம் செய்திருந்தார்.

"அந்தப் பொண்ணு குரல் இருக்கே, தேன்! தாலாட்டு மாதிரி. எங்க வீட்டுக் குழந்தை அப்படியே கண்ணசந்துடுச்சு."

டிரம்ஸ்காரன் குச்சியைக் கீழே வைத்தான். "அண்ணா, எங்க பாட்டுல தூக்கமா வருது?"

"இல்லப்பா, அந்தக் குழந்தை ரொம்பத் தைரியசாலி" என்று சமாளித்தார் டமாரம்.

"சரியாச் சொன்னேனா மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டு மாமனார் ஃபோனை வைத்தார்.

மேலாளர் எழுந்தே நின்றுவிட்டார். டமாரத்தின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இனி மச்சான் ஒருவன்தான் கதி. அவன் கெட்டிக்காரன், குரலை மாற்றிப் பேசுவான்.

மச்சான் குரலை மாற்றித்தான் பேசினான். ஆனால் எல்லோரும் புகழ்ந்தால் சந்தேகம் வரும், கொஞ்சம் திட்டினால்தான் நம்புவார்கள் என்று அவனுக்கு அந்த நேரம் பார்த்து ஞானம் பிறந்துவிட்டது.

"இதெல்லாம் ஒரு பாட்டா சார்? பாத்திரக் கடையில ரெண்டு பூனை சண்டை போட்ட மாதிரி இருக்கு. இவங்களுக்கு மைக் குடுத்தவனை முதல்ல உதைக்கணும்!"

மேலாளர் கண்ணாடிக்கு அப்பால் பலமாகத் தலையாட்டினார். பாடகியின் கண்ணில் நீர் முட்டிவிட்டது. தன் நிகழ்ச்சி போனால் போகட்டும், இந்தப் பிள்ளைகளை இப்படி அவமானப்பட வைத்துவிட்டோமே என்று தவித்தார் டமாரம்.

"எப்படி மாமா, நிஜ நேயர் மாதிரியே பேசினேனா?" என்றான் மச்சான், லைன் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது தெரியாமல்.

மேலாளர் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"பெரியப்பா, சித்தப்பா யாராவது பாக்கி இருக்காங்களா? ஒரு நிஜ மனுஷன் கேக்கறாரா இந்த நிகழ்ச்சியை? ஒட்டடைதான் இனி. முடிச்சுக்கோங்க."

டமாரம் நேயர்களிடம் விடைபெற்றார். கிடார்களைத் தூக்கிக்கொண்டு தலை குனிந்து வந்த பேண்டைக் கூட்டிக்கொண்டு வரவேற்பறைக்கு வந்தார். பின்னாலேயே மேலாளரும் வந்தார்.

"மன்னிச்சுக்கோம்மா. உன் பாட்டை ஒருத்தர்கூடக் கேக்கல."

"பரவால்லண்ணா. நீங்க கேட்டீங்களே" என்றாள் பாடகி. அது அவரை அழவே வைத்துவிட்டது.

ஃபோன் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. மிட்டாய் டப்பாவை அப்படியே தூக்கி டமாரத்தின் கையில் வைத்தார்.

"விடுங்க சார், போனதே நல்லது. உங்க மனசு கஷ்டப்படுமேன்னு இத்தனை நாளா சொல்லல. நீங்க ஆரம்பிச்சாலே போதும், எல்லா லைனும் அடிக்கும். எடுத்தா பாவிங்க ஒருத்தரும் வார்த்தை பேசறதில்ல, அடிவயித்துலேருந்து கத்துறாங்க. இன்னைக்கும் மூச்சுவிட நேரமில்லாம எல்லாத்தையும் நான்தான் கட் பண்ணிட்டு இருந்தேன்!"